ஏழு மைக்கும் வேண்டாம், மூன்று போதும்

இலங்கை மலையகத்தில், ஹட்டன் பக்கமிருந்து ஒரு தம்பி கேட்டிருப்பது இதுதான். தோட்டத்து மாரியம்மன் திருவிழாவில் இசை நிகழ்ச்சி. ட்ரம் செட், கீபோர்ட், பேஸ் கிட்டார், பாடகர்கள் இருவர், கூடவே நான்கு தப்பு (பறை). கையில் இருப்பவை 12 சானல் மிக்ஸர், 15 அங்குல பாக்ஸ் இரண்டு, அடித்தொனிக்கென்று 18 அங்குல சப் இரண்டு. ட்ரம்முக்கென்று ஏழு மைக் அடங்கிய பெட்டி ஒன்றைப் புதிதாக வாங்கி, ஏழையும் மாட்டிப் பார்த்தாயிற்று. கிக் (காலால் மிதித்து அடிக்கும் பெரிய ட்ரம்) கேட்கவில்லை, ஸ்னேர் (ட்ரம்மரின் முன்னால் இருக்கும் சிறிய ட்ரம்) தகரம் தட்டுவது போலிருக்கிறது, தப்பு இருக்கும் இடமே தெரியவில்லை, கொஞ்சம் கூட்டினால் பாக்ஸ் கூவுகிறது. இதைவிடப் பெரிய மிக்ஸர் வாங்கினால் சரியாகுமா?

வாங்காதீர்கள், தம்பி. உங்கள் கணக்கையே பாருங்கள். ட்ரம்முக்கு ஏழு, கீபோர்டுக்கு ஒன்று, பேஸ் கிட்டாருக்கு ஒன்று, பாட்டுக்கு இரண்டு, பதினொன்று போய்விட்டது. நான்கு தப்புக்கும் சேர்த்து மிச்சம் ஒரே ஒரு சானல். திருவிழாவுக்கு வருகிற சனம் தப்பைக் கேட்கத்தான் வருகிறது. அதைக் கடைசியில் தள்ளிவிட்டு, இடையிடையே உருட்டி அடிக்கும் மூன்று டாம்முக்கு மூன்று மைக் கொடுத்திருக்கிறீர்கள். ஒரு பாட்டில் டாம் எத்தனை அடி வாங்குகிறது என்று எண்ணிப் பாருங்கள்.

நானும் இப்படித்தான் ஆரம்பித்தேன். இருபது வருடத்துக்கு முன் ஒரு தோட்டத்துச் சனசமூக நிலையத்தில், தகரக் கூரையின் கீழ், ட்ரம் செட்டைச் சுற்றி எட்டு மைக் நட்டேன். மெல்லிய ஒலியையும் பிடிக்கும் கண்டென்சர் மைக் இரண்டு சிம்பலுக்கு மேலே கூரையைப் பார்த்தபடி தொங்கின. மூன்றாவது பாட்டில் மழை பிடித்தது. மலை மழை தகரத்தில் விழும் சத்தத்தை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அந்த இரண்டு மைக்கும் மழையை அள்ளி எடுத்து பாக்ஸ் வழியே மண்டபத்துக்குத் திருப்பிக் கொடுத்தன. பாட்டுக்காரர் வாயசைப்பது மட்டும் தெரிந்தது. பின்வரிசையில் இருந்த ஒரு பெரியவர் எழுந்து வந்து, "தம்பி, மழைக்கு எதுக்கு மைக்கு?" என்றார். எட்டில் ஐந்தைக் கழற்றினேன். மிச்ச மூன்றில் அன்றைய நிகழ்ச்சி முடிந்தது, முன்னைவிட நன்றாகவே. அந்த எண்ணிக்கையை இன்றுவரை அதிகம் தாண்டவில்லை.

மைக் கூடினால் ஒலி ஏன் கெடுகிறது? இரண்டு காரணங்கள். திறந்திருக்கும் மைக்குகளின் எண்ணிக்கை இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும், கூவாமல் கூட்டக்கூடிய அளவு ஏறத்தாழ 3 டெசிபெல் குறைகிறது. ஒரு மைக்குக்கும் எட்டு மைக்குக்கும் இடையே 9 டெசிபெல் போய்விடுகிறது. உங்கள் பாக்ஸ் கூவுவதில் இதற்குப் பெரிய பங்குண்டு. மற்றது இன்னும் மோசம். ஒரு ஸ்னேர் அடி ஏழு மைக்கிலும் விழுகிறது, ஆனால் ஏழிலும் ஒரே நேரத்தில் விழுவதில்லை. ஒரு மைக்கைவிட இன்னொன்று 50 சென்ரிமீற்றர் தள்ளியிருந்தால் ஒலி அங்கே ஒன்றரை மில்லிசெக்கன் பிந்திப் போய்ச் சேரும். இரண்டையும் மிக்ஸரில் கலக்கும்போது 340 ஹெர்ட்ஸ் அளவில் ஒன்றை ஒன்று அடித்துக்கொண்டு காணாமல் போகும். ஸ்னேருக்குச் சதை இருக்கும் இடமே அதன் அக்கம்பக்கந்தான். சதை போனால் மிஞ்சுவது தகரம். நீங்கள் கேட்ட தகரச் சத்தம் பெரும்பாலும் இப்படி வந்ததாகத்தான் இருக்கும்; மிக்ஸர் மேல் பழி போடாதீர்கள்.

ஆகவே மைக்கைத் தொடுவதற்கு முன் ஒரு வேலை செய்யுங்கள். ட்ரம்மரை அடிக்கச் சொல்லிவிட்டு, சிஸ்டத்தை முழுதாக நிறுத்தி, சனம் இருக்கும் இடத்துக்குப் போய், பதினைந்து மீற்றர் தள்ளி நின்று கேளுங்கள். ஸ்னேர் அங்கே கேட்கும். சிம்பல் காதைக் குடையும். கிக் மட்டும் 'டப் டப்' என்று அட்டைப்பெட்டி மாதிரி வரும். அங்கே வராதது எதுவோ அதை மட்டுந்தான் சிஸ்டம் கொடுக்க வேண்டும். சனசமூக நிலையம் மாதிரிச் சிறிய மண்டபமென்றால் கிக்குக்கு ஒரு மைக், அவ்வளவுதான். கோயில் முன்றலில் திறந்த வெளியென்றால் கிக், ஸ்னேர், மேலே ஒன்று, ஆக மூன்று.

ஆனால் சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும். ட்ரம்மிலேயே இல்லாத ஒலியை எந்த மைக்கும் எடுக்காது. இதில்தான் நீங்கள் அதிக நேரம் செலவழிக்க வேண்டும், நானும் கொஞ்சம் நீட்டப் போகிறேன்.

கிக்கில் தொடங்குங்கள். அடிபடும் பக்கத்துத் தோலை முழுக்கத் தளர்த்தி, சுருக்கம் மறையும் வரை எதிரெதிர்த் திருகுகளாக மாறி மாறி இறுக்குங்கள். சுருக்கம் போனதும் ஒவ்வொன்றிலும் கால் சுற்று. அதற்கு மேல் வேண்டாம். முன்பக்கத் தோலில் துளை இருக்கிறதா? இல்லாவிட்டால் போடுங்கள், நடுவில் போடாமல் ஓரமாக. கத்தியால் வெட்டினால் பிறகு அந்த இடத்திலிருந்தே கிழியும். பால்மா டின் ஒன்றின் வாயை அடுப்பில் நன்றாகச் சுட வைத்து, தோலில் அழுத்தினால் பிளாஸ்டிக் உருகி வட்டமாகக் கழன்று வரும். ஓரமும் கெட்டியாக உறைந்துவிடும். நாலு அங்குலம், மிஞ்சினால் ஐந்து. கையைச் சுட்டுக்கொள்ளாதீர்கள், புகையும் நல்லதல்ல, வெளியில் வைத்துச் செய்யுங்கள்.

உள்ளே என்ன வைப்பது? தலையணை என்பார்கள். நம் வீடுகளில் அதைவிட நல்ல பொருள் இருக்கிறது: கம்பளி. அந்தக் காலத்தில் மழையில் கொழுந்தெடுக்கப் போகும்போது போர்த்திக்கொண்ட அதே முரட்டுக் கம்பளி. நீளவாக்கில் மடித்து அடியில் கிடத்தி, அடிபடும் தோலை ஒரு கையகல அளவுக்கு மட்டும் தொடும்படி விடுங்கள். முழுதாக அடைத்துவிட்டால் கிக் செத்துப்போகும். 'தூம்ம்ம்' என்று இழுப்பது 'தும்' என்று முடிய வேண்டும். அதுதான் அளவு.

இப்போது மைக். உங்கள் பெட்டியில் பெரிய தலையோடு ஒன்று இருக்கும், அதுதான் கிக்குக்கு. துளைக்குள் இரண்டு மூன்று அங்குலம் விட்டு, கம்பளிக்கு மேலே, உள்ளே தோலைப் பார்க்கும்படி வையுங்கள். பிறகு ஒருவரை அடிக்கச் சொல்லிவிட்டு, நீங்கள் ஹெட்போன் மாட்டிக்கொண்டு தரையில் முழந்தாளிட்டு அந்த மைக்கைக் கையால் அசைத்துப் பாருங்கள். உள்ளே தள்ளத் தள்ள சுத்தியல் தோலில் படும் 'டக்' கூடும். வெளியே இழுக்க இழுக்க அது குறைந்து வயிறு கூடும். துளையின் வாயிலேயே வைத்தால் காற்று மோதி ஊதும். விரற்கடை தூரத்தில் ஒலி வேறாகிவிடுவதைக் கேட்கும்போது, இத்தனை நாளும் மிக்ஸர்க் குமிழைத் திருகித் திருகித் தேடியது இங்கே கிடந்திருக்கிறதே என்று தோன்றும்.

அதற்குப் பிறகுதான் குமிழ். கிக்கின் அடித்தொனி 50 முதல் 80 ஹெர்ட்ஸுக்குள். அட்டைப்பெட்டிச் சத்தம் 300, 400 பக்கம். சுத்தியலின் 'டக்' 3,000 சுற்று வட்டாரம். அட்டைப்பெட்டிச் சத்தத்தைக் குறைத்தால் மற்ற இரண்டும் தாமாகவே மேலே வரும். கூட்டுவதைவிடக் குறைப்பதை முதலில் பழகுங்கள். சின்ன மிக்ஸர்களில் நடுக் குமிழ் பெரும்பாலும் 2,500 ஹெர்ட்ஸில் நிலையாக நிற்கும். உங்களுடையதும் அப்படியென்றால் 350-ஐ அதால் தொடவே முடியாது. அதனால்தான் கம்பளியைப் பற்றி அவ்வளவு பேசினேன்.

ஸ்னேரை நீட்டத் தேவையில்லை. ஒவ்வொரு திருகுக்கும் ஒரு அங்குலம் உள்ளே விரலால் தட்டி, எல்லா இடத்திலும் ஒரே சுரம் வரும்வரை சரிசெய்யுங்கள். மைக், விளிம்புக்கு இரண்டு விரல் மேலே, நடுத்தோலைப் பார்த்துச் சரிந்து நிற்க வேண்டும். அதன் முதுகு ஹை-ஹாட்டை (காலால் மூடித் திறக்கும் இரட்டைச் சிம்பல்) பார்க்க வேண்டும். இந்த வகை மைக் முதுகுப் பக்கம் கேட்காது, அந்தச் செவிட்டுத்தனம் இங்கே உதவுகிறது. 1965-இல் வந்த ஷூர் எஸ்எம்57 இன்றைக்கும் உலக மேடைகளில் ஸ்னேருக்கு நிற்கிறது. உங்கள் பெட்டியில் இருப்பது அதன் மலிவான தம்பியாக இருந்தாலும் பரவாயில்லை, வைக்கும் இடம் சரியாக இருந்தால் போதும்.

மூன்றாவது, மேலே ஒரு கண்டென்சர். ஸ்னேருக்கும் கிக்குக்கும் நடுவே, ஸ்னேர்த் தோலிலிருந்து இரண்டு ட்ரம் குச்சி நீளம் உயரத்தில், கீழ்நோக்கி. டாம் மூன்றும் சிம்பலும் இதிலேயே வந்துவிடும். இந்த வகை மைக்குக்கு மிக்ஸரிலிருந்து போக வேண்டிய 48 வோல்ட் பான்டம் மின்சாரத்தைக் கொடுக்க மறந்துவிட்டு மைக் செத்துப்போய்விட்டதென்று பெட்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனவர்களை நான் கண்டிருக்கிறேன். இந்த மைக்கைத் திறந்ததும் ஸ்னேர் மெலிந்தால், மேலே கீழே ஒரு சாண் நகர்த்திப் பாருங்கள், அல்லது மிக்ஸரில் போலாரிட்டி (ஒலி அலையின் ஏற்ற இறக்கத்தைத் தலைகீழாக்குவது) மாற்றும் பொத்தான் இருந்தால் அமுக்குங்கள். எது தடிப்பாகக் கேட்கிறதோ அதை வைத்துக்கொள்ளுங்கள். கூரை தகரமென்றால், மழைக்காலமென்றால், இந்த மைக்கையே போடாதீர்கள். மேலே சொன்ன பெரியவரின் கேள்விக்கு என்னிடம் இன்னும் பதில் இல்லை.

கேட் (அடி இல்லாதபோது மைக்கை மூடுவது), கம்பிரசர் (அதிக சத்தத்தை அடக்குவது) பற்றியும் கேட்டிருக்கிறீர்கள். மூன்று மைக்குக்குக் கேட் தேவைப்படாது. கம்பிரசர் இருந்தால் கிக்குக்குக் கொஞ்சம் போடலாம், இல்லாவிட்டால் ஒன்றும் குடிமுழுகிப் போகாது.

சப்தான் பலர் கோட்டை விடும் இடம். மேடையின் இரு பக்கமும் ஒவ்வொன்றாக வைப்பது பார்க்க அழகாக இருக்கும். ஆனால் 60 ஹெர்ட்ஸ் அலையின் நீளம் கிட்டத்தட்ட 5.7 மீற்றர். இரண்டு சப்பிலிருந்தும் உங்களுக்குள்ள தூரம் அதில் பாதியளவு வேறுபடும் இடத்தில் நின்றால் கிக் அங்கே இருக்காது. நடுவில் நிற்பவருக்கு நெஞ்சில் இடிக்கும், சில மீற்றர் தள்ளி நிற்பவருக்குக் காணாமல் போகும். இரண்டையும் ஒன்றாக ஒட்டி, மேடைக்கு முன்னே தரையில் வையுங்கள். ஒன்றோடொன்று சேர்ந்து, ஒரு சப் தருவதைவிட ஏறத்தாழ 6 டெசிபெல் கூடுதலாக எல்லாருக்கும் தரும். காசில்லாமல் கிடைக்கும் இந்த லாபத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. பிறகு கிக்கைத் தொடர்ந்து அடிக்கச் சொல்லி, சப்பின் போலாரிட்டியை ஒரு தடவை மாற்றிப் பாருங்கள். தடிப்பு கூடும் பக்கமே சரியான பக்கம்.

இன்னொரு வேலையும் செய்யலாம். சப்புக்கு மொத்த மிக்ஸையும் அனுப்பாமல், ஒரு ஆக்ஸ் (மிக்ஸரிலிருந்து தனியாக வெளியே போகும் வழி) வழியாக கிக்கையும் பேஸ் கிட்டாரையும் கீபோர்டையும் மட்டும் அனுப்புங்கள். பாடகரின் மைக்கில் மேடைப் பலகை அதிர்வதும் மலைக்காற்று ஊதுவதும் சப்புக்குப் போகாது. கிக் திடீரெனத் தெளிவாகும்; ஏதோ புதிய சப் வாங்கிவிட்டீர்கள் என்று நினைப்பார்கள். பாட்டு மைக்குகளில் 100 ஹெர்ட்ஸுக்குக் கீழே வெட்டும் பொத்தானையும் அமுக்கிவிடுங்கள்.

சமன் செய்யும்போது கிக்கிலிருந்து தொடங்குவதுதான் வழக்கம். உங்கள் அளவு சிஸ்டத்துக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். பாடகரின் குரலை முதலில் ஏற்றி, கூவும் எல்லைக்குச் சற்றுக் கீழே நிறுத்துங்கள். அந்தக் குரலுக்கு அடியில் எவ்வளவு இடம் இருக்கிறதோ அதற்குள் ட்ரம் அடங்கட்டும். பரீட்சித்துப் பார்க்கும்போது ட்ரம்மர் சோம்பலாக அடிப்பார். மேடையில் ஊர்ச் சனத்தைக் கண்டதும் கை தானாக வலுத்துவிடும். அந்த அளவுக்கு இப்போதே கெய்னை, அதாவது மைக்கிலிருந்து மிக்ஸர் எடுக்கும் அளவை, குறைத்து வைத்துக்கொள்ளுங்கள்.

மலைக்கே உரிய சில சங்கடங்கள் உண்டு. பிற்பகல் 24 பாகை வெயிலில் சரிபார்த்து, கூவும் இடங்களையெல்லாம் கிராபிக் ஈக்யூவில் (தொனிகளைத் தனித்தனியே கூட்டிக் குறைக்கும் கருவி) ஒவ்வொன்றாக வெட்டி வைத்திருப்பீர்கள். இரவு பத்துக்குள் அது 12 பாகைக்கு இறங்கிவிடும். பாகைக்கு 0.6 மீற்றர் என்ற கணக்கில் ஒலியின் வேகம் செக்கனுக்கு 7 மீற்றர் குறையும், கூவும் இடங்களும் கிட்டத்தட்ட நூற்றுக்கு இரண்டு வீதம் கீழே நகரும். பகலில் கூர்மையாக வெட்டியது இரவில் வேறிடத்தை வெட்டிக்கொண்டிருக்கும். அகலமாக, குறைவாக வெட்டுங்கள். சாமி வீதி சுற்றி வந்த பிறகு ஒரு தடவை திரும்பக் கேட்டுப் பாருங்கள். குளிரில் நின்ற வேனிலிருந்து கண்டென்சர் மைக்கை எடுத்துச் சூடான மண்டபத்துக்குள் நேரே மாட்டினால், உள்ளே பனித்துப் படபடவென்று பொரியும். அரை மணித்தியாலம் பெட்டியோடு வைத்துவிட்டு எடுங்கள்.

பாக்ஸைக் கொஞ்சம் கீழ்நோக்கிச் சரியுங்கள். நேராக வைத்தால் பாதி ஒலி சனத்தின் தலைக்கு மேலாகப் போய் எதிர்மலையில் அடித்துத் திரும்பும். 170 மீற்றர் தள்ளி ஒரு சரிவு இருந்தாலே ஸ்னேர் ஒரு செக்கன் கழித்து இரண்டாவது தடவை கேட்கும்; ட்ரம்மர் எதைப் பின்பற்றுவது? ஜெனரேட்டரில் ஓடுவதென்றால் விளக்குகளை வேறு வயரிலும் சவுண்டை வேறு வயரிலும் எடுங்கள். 'உம்ம்' என்று இரைகிறது என்பதற்காக எர்த் கம்பியை வெட்டும் பழக்கம் நம்மிடையே இருக்கிறது. ஈரத் தரையில் வெறுங்காலோடு நின்று பாடுகிறார்கள், அதை மட்டும் செய்யாதீர்கள்.

இனித் தப்பு. ஏழில் நான்கு மைக் மிச்சம். டாம் மைக் இரண்டை எடுத்துத் தப்புக்குக் கொடுங்கள். கடும் சத்தத்தைத் தாங்கும் மைக் அது. தப்பின் மரச் சட்டத்தில் கிளிப்பால் கவ்வ வைக்கலாமே என்று தோன்றும். நானும் ஒரு தடவை அப்படிச் செய்தேன். ஆட்டம் சூடுபிடித்துத் தப்புக்காரர் ஒரு சுற்றுச் சுற்றியதில் வயர் அவர் காலில் சுற்றி, மைக் ஒரு பக்கம், கிளிப் ஒரு பக்கம் போனது. ஸ்டாண்டில், நெஞ்சளவு உயரத்தில், இரண்டு பேருக்கு ஒன்றாக, ஒரு மீற்றர் தள்ளி வையுங்கள். இரண்டு மைக்குக்கும் இடையே மூன்று மீற்றர் இருக்கட்டும். மைக்குக்கும் கருவிக்கும் உள்ள தூரத்தைப்போல மூன்று மடங்கு என்பது பழைய கணக்கு. மேடையில் ட்ரம் செட்டுக்குப் பக்கத்தில் அவர்களை நிறுத்தாதீர்கள், மறுகோடியில் பிறைவடிவாக நிறுத்துங்கள். முன்பக்கம் மெல்லிய சிம்புக்குச்சியின் சொடுக்கும் பின்பக்கத் திறப்பில் தடித்த அடிக்குச்சியின் கனமும் வருவதால், ஒரு மீற்றர் தள்ளி நின்றால்தான் இரண்டும் கலந்து கேட்கும். ஈக்யூவைத் தொடாமலே விடலாம். சொடுக்கு காதில் குத்தினால் மட்டும் மேல் குமிழைச் சற்றுக் குறையுங்கள்.

ட்ரம் செட்டின் பிளாஸ்டிக் தோல் ஈரத்தைக் குடிக்காது. தப்பின் தோல் குடிக்கும். பனி இறங்கிய இரவில், காய்ச்சிய தப்பு அரை மணித்தியாலத்துக்குள் தொய்ந்துவிடும், பிறகு எந்த மைக் வைத்தும் பயனில்லை. முன்பு விடியற்காலையில் பிரட்டுக்கு (தொழிலாளரை வேலைக்குக் கூட்டி எண்ணுவது) தப்படித்தவர்கள் அதை முதலில் நெருப்பில் வாட்டியதற்கும் இதே காரணந்தான். மேடைக்குப் பின்னால், மிக்ஸர் வயர்களுக்கு எட்டாத தூரத்தில், நெருப்புக்கு ஓர் இடம் ஒதுக்குங்கள். நிகழ்ச்சி நிரலை எழுதும்போதே தப்பு எத்தனை மணிக்கு மேடையேறும் என்று எழுதிக் காய்ச்சுபவர் கையில் கொடுங்கள். "இன்னும் ரெண்டு பாட்டு இருக்கு" என்று அவர்களைக் குளிரில் நிறுத்தி வைப்பதுதான் தப்பு ஒலியைக் கெடுக்கும் முதல் காரணம்.

2007-இல் இலங்கையின் உயர் நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்குப் பொதுவாக அனுமதி கிடையாது. சமய விழாவுக்கு விலக்குக் கேட்கலாம், அதற்கு அக்கம்பக்கத்தாரின் கருத்தைப் பொலிஸ் விசாரிக்கும். தலைவர் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிடாமல், தப்பை ஒன்பது மணிக்கே ஏற்றிவிடுங்கள்.

மிஞ்சிய இரண்டு மைக்கும் பெட்டிக்குள்ளேயே இருக்கட்டும், ஒன்று பழுதானால் உதவும். திருவிழா முடிந்ததும் கம்பளியை மறக்காமல் வெளியே எடுத்து வெயிலில் போடுங்கள். ஈரத்தோடு கிக்குக்குள் கிடந்தால் அடுத்த ஒத்திகைக்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். கம்பளிக்குச் சொந்தக்கார ஆச்சியிடம் பதில் சொல்ல நான் வரமாட்டேன்.